கண்ணை மூடிய கணக்கு அதிகாரி

டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம். அந்த 29 நிமிடமும் கை செல்போனில், மனசு அடுத்த மீட்டிங்கில். "கொஞ்சம் நிதானமா வாழணும்னு ஆசைதான் சார், ரிட்டயர் ஆகட்டும் பார்க்கலாம்" என்பார்கள் இங்கே நம்மவர்கள்.

அவர்களுக்காகவே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சாமியார் இல்லை, எங்களைப் போல வரவு செலவு பார்த்தவர்!

பெயர் ஊ பா கின். 1899-ல் ரங்கூனில் பிறந்தவர். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1937-ல் சயா தெட் ஜி என்ற விவசாயியிடம் விபஸ்ஸனா தியானம் கற்றார். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற அன்றே, நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். 1950-ல் தன் ஆபீஸ் ஊழியர்களுக்காக விபஸ்ஸனா சங்கம், 1952-ல் ரங்கூனில் தியான மையம். ஒரே நேரத்தில் பல இலாகாக்களைக் கவனித்துக்கொண்டே இதையும் செய்தார். 1967-ல்தான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு.

1955-ல் அவரிடம் வந்தார் மாண்டலேயில் பிறந்த மார்வாரி வியாபாரி எஸ்.என்.கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி வரை போயிருந்தது. "தலைவலிக்காக என்றால் வரவேண்டாம், மனசைச் சுத்தம் செய்ய வா" என்ற பொருளில் சொன்னாராம் குரு. 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு தொழில்கள் அரசுடைமை ஆயின. நம் தமிழர்கள் பலர் வெறுங்கையோடு கப்பலேறியதும் அந்தக் காலத்தில்தான். கோயங்காவும் தொழிலை இழந்தார். 1969-ல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாம் நடத்தினார்.

இன்று பெங்களூரில் தும்கூர் ரோடு பக்கம் ஆலூரில் ஒரு மையம் உண்டு, சென்னையில் திருமுடிவாக்கத்தில். 10 நாள், பேச்சில்லை, போனில்லை, கட்டணமும் இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. முதலில் மூச்சு வருவதையும் போவதையும் வெறுமனே கவனிக்க வேண்டும். பிறகு உடம்பில் எழும் உணர்ச்சிகளை, விரும்பாமலும் வெறுக்காமலும் பார்க்க வேண்டும்.

10 நாள் லீவு எல்லோருக்கும் கிடைக்காதுதான். ஆனால் "நேரமில்லை" என்று சொல்லும்போது அந்த அக்கவுண்டன்ட் ஜெனரலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ரிட்டயர் ஆகும்வரை குழந்தைகள் சின்னப் பிள்ளைகளாகவே இருக்கப் போவதில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போதாவது போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்போமே!