வடதுருவக் கரையில் யாழ்ப்பாணக் குடும்பங்கள்

பீட்டர் ஆங்கர் என்ற நார்வேக்காரர் 1788-ல் காவிரி டெல்டாவுக்கு வந்தார். அப்போது நார்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. தரங்கம்பாடியில் 1806 வரை டேனிஷ் கவர்னராக இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எதிர்த்திசையில் ஒரு தமிழர் போக 168 வருடங்கள் ஆயின. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கிருந்து ஆன்டனி ராஜேந்திரம் என்பவர் 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்தார். நார்வேக்குப் போன முதல் தமிழர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அங்கே நவீன மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொண்டு, நார்வே மக்களின் உதவியோடு 1967-ல் காரைநகரில் 'சீநோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். சிலோன், நார்வே இரண்டும் சேர்ந்த பெயர் அது. படகு கட்டுவதும் மீன் பதப்படுத்துவதும் அதன் வேலைகள். அவரைப் பார்த்து வேறு சில இளைஞர்களும் நார்வே போனார்கள்.

1975-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருவதை நார்வே நிறுத்தியது. ஆனால் ஒரு கதவு திறந்தே இருந்தது. தேர்வு, மதிப்பெண் எதுவும் இல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கும் 'மக்கள் உயர்பள்ளிகள்' அங்கே உண்டு. அவற்றில் மாணவர்களாகச் சேர்ந்து யாழ்ப்பாண இளைஞர்கள் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகவும் வந்தார்கள்.

சரி, ஏன் வடக்கே போனார்கள்? சாதாரண தேவை - வழங்கல் கணக்குதான்! நார்வேயின் வடகோடி ஃபின்மார்க். அங்குள்ள சிறு துறைமுக ஊர்களில் மீன் ஆலைகள் இருந்தன. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தெற்கே போய்விட, ஆலைக்கு ஆள் இல்லை. தமிழர்களுக்கோ உடனே வேலை வேண்டும். ஊரில் மீன் வெட்டியே பழக்கமில்லாத குடும்பத்துப் பிள்ளைகள்கூட குளிர் அறையில் நின்று காட் மீனைத் துண்டு போட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் கடன் அடைந்தது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, தம்பிக்கு விமான டிக்கெட் வந்தது. பிறகு மனைவியர் வந்தார்கள். குழந்தைகள் அங்கேயே பிறந்தார்கள்.

பணம் கிடைத்தது. ஆனால் வெயில்? ஹாமர்ஃபெஸ்ட் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் என்ற நார்வே மானுடவியலாளர் இப்படி ஒரு வடக்கு ஊரில் தமிழர்களோடு தங்கி ஆய்வு செய்தார். உடம்பெல்லாம் வலி என்று அவர்கள் திரும்பத் திரும்ப டாக்டரிடம் போனார்கள். டாக்டருக்கு எந்த நோயும் தெரியவில்லை. உறவும் சடங்கும் விட்டுப்போன தனிமையோடு அந்த வலியைச் சேர்த்துப் பார்த்தார் குரோன்செத். மாமா, சித்தி, பக்கத்து வீடு என்று வாழ்ந்தவர்களுக்கு அங்கே ஆலையும் வீடும்தான் மிச்சம்.

அதனால் குழந்தைகள் வளர வளரப் பல குடும்பங்கள் ஓஸ்லோவுக்கு இடம் மாறின. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது. வார இறுதியில் தமிழ் சொல்லித்தர அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் இருந்தது. அப்பா மீன் வெட்டியது பிள்ளையும் மீன் வெட்டுவதற்காக அல்லவே! இன்று நார்வேயில் இலங்கைப் பின்னணி உள்ளவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர், பெரும்பாலோர் தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் 1988-ல் பிறந்து மூன்று வயதில் நார்வே வந்தவர் கம்சாஜினி குணரத்னம். 2011-ல் உத்தோயா தீவில் நடந்த படுகொலையில் ஏரியில் நீந்தித் தப்பினார். 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயர், 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர்.

இவரைப் போன்றவர்களின் பெயர் செய்தியில் வருகிறது. குளிர் அறையில் கத்தி பிடித்த முதல் தலைமுறை எந்தச் செய்தியிலும் வரவில்லை. அந்த வடக்கு ஆலைகளில் இப்போது லிதுவேனியா, போலந்து நாட்டவர்கள் அதிகம் நிற்கிறார்கள். அவர்களும் மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான்.