பிற்பகல் இரண்டு மணி

சென்ற வாரம் பிலிப் ஸ்மித்தைப் பார்த்தோம். பெண் எலியின் பிட்யூட்டரி சுரப்பியைத் தொண்டைப் பக்கமாகப் போய் எடுத்தார், சினைப்பை சூம்பிப்போனது. வேறொரு எலியின் பிட்யூட்டரியைத் தினமும் தசைக்குள் வைத்தார். சூம்பிய சினைப்பை மறுபடியும் திரண்டது. சரி, அந்தப் பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுவது யார்?

விடைக்கு வழிகாட்டியது ஒரு தூக்க மருந்து. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் எவரெட்டும் சார்லஸ் சாயரும் செய்த அந்தச் சோதனை 1950இல் வெளியானது.

எலியின் சினைச் சுழற்சிக்கு நாலைந்து நாள்தான். அது எந்த நாளில் இருக்கிறது என்பதை யோனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் உட்கருவோடு உருண்டையான செல்கள் குவிந்திருந்தால், இன்றிரவு முட்டை வெளியேறும். மறுநாள் உட்கரு மறைந்து, காய்ந்த செதில்களாகத் தெரியும். 1922இல் பெர்க்லியில் லாங், எவன்ஸ் இருவரும் விரிவாக எழுதிவைத்த கணக்கு இது.

முட்டை வெளியேற வேண்டிய நாளன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எவரெட்டும் சாயரும் பென்டோபார்பிட்டால் என்ற அந்தத் தூக்க மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அன்றிரவு முட்டை வரவில்லை. அதே ஊசியை நாலு மணிக்குப் போட்டால் பயனில்லை. நள்ளிரவு தாண்டி முட்டைகள் வந்துவிட்டன. அப்படியானால் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்தான் உத்தரவு புறப்படுகிறது! நரம்புகளை மயக்கும் மருந்து அதைத் தடுக்கிறது என்றால், அது மூளையிலிருந்துதான் வரவேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த செய்தி. மருந்தின் மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனாலும் முட்டை உடனே வருவதில்லை. சரியாக ஒரு நாள் தள்ளிப்போகிறது. மறுநாள் அதே இரண்டு மணிக்கு இன்னொரு ஊசி போட்டால், இன்னும் ஒரு நாள். தவறவிட்ட உத்தரவு அடுத்த நாள் பிற்பகலுக்காகக் காத்திருக்கிறது. எலியின் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அன்று வேறு இல்லை. ஹார்மோனை ரத்தத்தில் துல்லியமாக அளக்கும் வசதிகூட அப்போது கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். தகடு, ஊசி, சுவர்க் கடிகாரம், மறுநாள் கருக்குழாயில் முட்டையைத் தேடும் பொறுமை, இவ்வளவுதான் கையில் இருந்தது.

மூளை அனுப்பும் அந்த உத்தரவுக்கு ஒரு ரசாயனப் பெயர் கிடைக்க 1971 வரை ஆனது. பன்றி மூளைகளோடு ஷாலியும், ஆட்டு மூளைகளோடு கில்லமினும் போட்டி போட்டுத் தேடிய கதை அடுத்த வாரம்.