தபாலில் போன ஜாடி: ஈஸ்ட் தொற்றுக்கு மருந்து வந்த கதை

இந்த எபிசோட் ஒரு பூஞ்சையைப் பத்தினது. பெண்களின் பிறப்புறுப்பில் வரும் ஈஸ்ட் இன்ஃபெக்‌ஷன். நாலில் மூணு பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்பது மருத்துவ உலகம் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவ்வளவு சாதாரணமான விஷயம். ஆனா நம்ம பேச்சுல அதுக்குன்னு ஒரு தனிப் பேர்கூட கிடையாது. அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல், "உடம்பு சூடு" என்று எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிடுவோம். அதனால, ஹெட்ஃபோன்ல கேக்கறவங்க கழட்டிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க. வீட்ல இருக்கற ஆண்களும் கேக்கட்டும்.

இந்தத் தொற்று ஏன் வருது? இதுக்கு வரலாற்றுல ரெண்டு பதில் இருக்கு. ஒன்று, "சுத்தம் போதல." இன்னொன்று, "உள்ளே இருந்த ஒரு சமநிலை குலைஞ்சிருக்கு." முதல் பதிலை விளம்பரங்கள் சொல்லின. இரண்டாவதை ஆய்வகங்கள் சொல்லின. எது ஜெயிச்சதுன்னு பாத்தா, இன்னும் பாதிப் பேர் மனசுல முதல் பதில்தான் இருக்கு. எனக்கு இந்தக் கதையைச் சொல்லணும்னு தோணினதே அதனாலதான்.

உள்ளே குடியிருப்பவர்கள்

1849-ல் வில்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறப்புறுப்பில் இந்தப் பூஞ்சையைப் பார்த்து எழுதிவைத்தார். 1923-ல் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் என்ற டச்சுப் பெண் ஆய்வாளர், தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்த இனத்துக்கு 'கேண்டிடா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் பளிச்சென்ற வெள்ளை என்று அர்த்தம். பழைய ரோமில் தேர்தலில் நிற்பவர்கள் வெள்ளை அங்கி போட்டதால்தான் 'கேண்டிடேட்' என்ற சொல் வந்தது. ரெண்டுக்கும் ஒரே வேர். நம்ம "வெள்ளைப்படுதல்" மாதிரியே, அவங்களுக்கும் முதல்ல கண்ணுல பட்டது நிறம்தான்.

இதுக்கு நடுவில் 1892-ல் ஆல்பெர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். ஆரோக்கியமான பெண்களின் பிறப்புறுப்பில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கு இவை நெருங்கிய சொந்தம். உள்ளே இருக்கும் இடத்தை எல்லாம் இவை நிறைத்துக்கொண்டு, அமிலத்தன்மையையும் காப்பாற்றுவதால், வேண்டாத கிருமிகள் பெருக இடம் கிடைப்பதில்லை.

கேண்டிடாவும் அங்கேயே ஒரு ஓரமாக இருக்கலாம். ஆரோக்கியமான பெண்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் பேரிடம் அது எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. அதாவது, இது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அழுக்கு இல்லை. பால்வினை நோய்கள் பட்டியலிலும் இதைச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்று, காவல் தளரும்போது பெருகுகிறது. அவ்வளவுதான்.

லைசால் சொன்ன பொய்

ஆனா 1920-கள், 30-களில் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில் படித்தது இதை இல்லை. லைசால் தெரியும்ல, தரை துடைக்கிற லைசால்? அந்தக் காலத்தில் அதைத் தண்ணீரில் கலந்து பிறப்புறுப்பின் உள்ளே பீய்ச்சிக் கழுவச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். கணவன் முகம் கொடுத்துப் பேசவில்லையா? குறை உன் சுத்தத்தில் இருக்கிறது, என்பதுதான் விளம்பரத்தின் சாரம். கருத்தடை பற்றி வெளிப்படையாக எழுதச் சட்டம் தடையாக இருந்ததால், "பெண்மைச் சுகாதாரம்" என்ற சொல்லுக்குள் அதையும் மறைத்து விற்றார்கள். கருத்தடையாகவும் அது உருப்படியாக வேலை செய்யவில்லை. அப்போதைய லைசாலில் இருந்தது கிரெசால். மெல்லிய சவ்வைப் பொசுக்கக்கூடிய ரசாயனம். பெண்களுக்கு எரிச்சலும் புண்ணும் வந்தன, உயிரிழப்புகளும் நடந்தன.

உள்ளே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவை இவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. நம்ம வேலைல சொல்றதுன்னா, ஒழுங்கா ஓடிட்டிருக்கற சர்வர்ல போய், என்ன ஓடுதுன்னே பாக்காம எல்லா ப்ராசஸையும் கில் பண்ணற மாதிரி.

ஆன்டிபயாடிக் கொண்டுவந்த சிக்கல்

1940-களில் பென்சிலின் பரவலானது. 1948-ல் ஆரியோமைசின் வந்தது. பலவகை பாக்டீரியாக்களை ஒரே வீச்சில் கொல்லும் மருந்து, ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. இவை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் ஆன்டிபயாடிக்குக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் கிடையாது. பூஞ்சையை அது தொடுவதும் இல்லை. காவலாளி போயாச்சு, கேண்டிடாவுக்குத் தனிக்காட்டு ராஜா வாழ்க்கை. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சைத் தொற்று வருவதை மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கையில் இருந்தது ஜென்ஷன் வயலட் போன்ற சாயங்கள்தான். தடவினால் துணியெல்லாம் ஊதா.

பூஞ்சைக்கு மருந்து செய்வது ஏன் கஷ்டம்? பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து ரொம்ப வித்தியாசமானது. பூஞ்சையின் செல் நம்முடையதுக்குக் கிட்டத்தட்ட உறவு. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் பதம் பார்க்கும்.

இங்கேதான் நம்ம கதாநாயகிகள் வர்றாங்க. எலிசபெத் லீ ஹேசன், நுண்ணுயிரியலாளர், நியூயார்க் நகரத்தில். ரேச்சல் ஃபுல்லர் பிரவுன், வேதியியலாளர், சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி ஆல்பனியில். இருவருமே நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வக ஊழியர்கள். 1948-ல் ஹேசனுக்கு 63 வயது. பிரவுனுக்கு 50 நெருங்கிக்கொண்டிருந்தது.

வேலை இப்படி நடந்தது. ஹேசன் பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணுயிரிகளை வளர்ப்பார். கேண்டிடாவையும் இன்னொரு ஆபத்தான பூஞ்சையையும் எது அடக்குகிறது என்று பார்ப்பார். அடக்கினால், அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து, திரும்பத் தபாலில் அனுப்புவார். ஹேசன் மறுபடி பூஞ்சைமேல் சோதித்து, பிறகு எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார். பெரும்பாலான சமயம் பூஞ்சையோடு எலியும் செத்தது. அடுத்த ஜாடி. வீடியோ கால் இல்லை, சாட் இல்லை, தபால்காரர்தான் நெட்வொர்க்.

கடைசியில் மருந்து கிடைத்த மண், வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பால் பண்ணையிலிருந்து அவரே அள்ளி வந்தது. அதிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரி தந்த பொருள் பூஞ்சையை அழித்தது, எலிகள் பிழைத்தன. 1950-ல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரிலேயே 'நிஸ்டாட்டின்' ஆனது: நியூயார்க் ஸ்டேட். 1954-ல் ஸ்குவிப் நிறுவனம் மூலம் விற்பனைக்கு வந்தது.

நிஸ்டாட்டின் எப்படி வேலை செய்யுது? பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு இருக்கிறது. மருந்து அதைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடுகிறது. நம் செல்லில் எர்கோஸ்டிரால் இல்லை, கொலஸ்டிரால்தான். நல்ல பாக்டீரியாவிடமும் அது இல்லை. அதனால் காவலாளிகள் தப்பித்தார்கள். லைசால் செய்ததற்கு நேர் எதிர்.

காப்புரிமையில் வந்த சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலரில் இருவரும் தங்களுக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அறிவியல் ஆய்வுக்கான நிதிக்குப் போனது. அவர்கள் மாநில அரசுச் சம்பளத்திலேயே வேலையைத் தொடர்ந்தார்கள்.

மருந்து வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்துச்சா?

பிறகு குளோட்ரிமசோல், மைக்கோனசோல், ஃப்ளூகோனசோல் எல்லாம் வந்தன. 1990-ல் அமெரிக்கா சில பூஞ்சை மருந்துகளைச் சீட்டில்லாமல் வாங்க அனுமதித்தது. கூச்சப்பட்டு மருத்துவரிடம் போகாதவர்களுக்கு நல்லதுதான். ஆனா 2002-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்க. தானாகவே மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தது சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு இருந்தது பாக்டீரியா தொற்று, அல்லது கலப்புத் தொற்று. சிலருக்கு எதுவுமே இல்லை. எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டறது அமெரிக்காவுலயும் நடக்குது.

அதனால இதைத் தெரிஞ்சுக்கோங்க. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைக் கசிவு, கடும் அரிப்பு, பெரிய வாடை இல்லை என்றால் ஈஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் வாடை, மஞ்சள் பச்சை நிறம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்க. முதல் தடவை வந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், வருஷத்துல 3 தடவையோ அதுக்கு மேலயோ வந்தாலும் அப்படியே.

தடுக்க என்ன செய்யலாம்? சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தானாக வாங்கிப் போடாதீங்க. ஆன்டிபயாடிக் எடுக்கும்போதெல்லாம் இது வருதுன்னா, மருந்து எழுதும்போதே மருத்துவர்கிட்ட சொல்லுங்க. சர்க்கரை நோய் இருந்தா அதைக் கட்டுக்குள் வையுங்க. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை அளவைப் பரிசோதிப்பதும் நல்லது. சில சர்க்கரை மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் அதிகமுள்ள கருத்தடை மாத்திரைகள், ஸ்டீராய்டு ஆகியவையும் காரணமாகலாம். நீங்களா நிறுத்தாம, எழுதிக் கொடுத்தவர்கிட்ட பேசுங்க. ஜிம் முடிஞ்சதும் ஈர உடையை மாத்துங்க, காத்தோட்டமான பருத்தி உள்ளாடை போடுங்க. இதுக்கு ஆதாரம் கொஞ்சம்தான், ஆனா நஷ்டம் எதுவும் இல்லை.

உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். வாசனை வாஷ், ஸ்ப்ரே எதுவும் தேவையில்லை. வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும். இன்னைக்கும் சூப்பர் மார்க்கெட்டில் "இன்டிமேட் வாஷ்" பாட்டிலை எடுக்கும்போது, அது எந்தப் பதிலை விக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.