30 ரூபாய் குமாஸ்தாவும் மாதுங்கா மாடி அறையும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் பூனாவிலிருந்து போன் பண்ணினான். பத்து நிமிஷம் மழை, கிரிக்கெட் என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, இந்த மாசத்தோட பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்."

கைக்கு வருவது 18,000. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பாதிக்கு மேல் போய்விடுகிறது. காலை ஒன்பது மணிக்குப் போனால் திரும்ப ராத்திரி ஒன்பது. சனிக்கிழமையும் மேனேஜர் போன் செய்து "கொஞ்சம் லாகின் பண்ணுப்பா" என்கிறாராம். வேறு வேலை கையில் இருக்கிறதா என்றேன். இல்லை. தேடுகிறாயா என்றேன். "எங்க மாமா நேரம்?" என்றான். அதுவும் நியாயம்தான்.

"எங்க காலத்துல எல்லாம்..." என்று வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் போனை வைத்த பிறகு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 'எங்க காலம்' உண்மையில் எப்படி இருந்தது? வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தே மேலே வந்துவிட்டார்களா?

கொஞ்சம் கொசுவத்தி சுற்றலாம். என் காலத்துக்கும் முன்னால் போக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணித மேதை ராமானுஜன். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கல்யாணம் வேறு ஆகிவிட்டது, வேலை கிடையாது. 1910-ல் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்த்து ஒரு குமாஸ்தா வேலை கேட்கிறார். ஐயர் கணிதம் தெரிந்தவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவரை ரெவின்யூ ஆபீசில் போட்டு வீணடிக்கக் கூடாது என்று மெட்ராஸில் இருப்பவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போகிறது சிபாரிசு. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரிக்கிறார். அடுத்தவர் தயவில் எத்தனை நாள் காலம் தள்ளுவது? அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் கொஞ்ச நாள் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை பார்க்கிறார். பிறகு 1912 பிப்ரவரியில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு மனுப் போட்டு, மார்ச் 1-ம் தேதி 30 ரூபாய் சம்பளத்தில் சேருகிறார்.

இந்தக் கதையை நாம் 'ஏழை குமாஸ்தா கேம்பிரிட்ஜ் போனார்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் ஆட்கள். போர்ட் டிரஸ்டில் அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் ஒரு கணிதக்காரர். அவருக்கும் மேலே சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இரண்டு பேருமே இவருக்காக அலைந்தார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போகிறது. அதே வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. 30 ரூபாய் வேலையில் இருந்தபடியேதான் 75 ரூபாய்க்கு வழி பிறந்தது.

மேதைகளுக்கு எல்லாம் நடக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு? அதற்கு பம்பாய் வரவேண்டும்.

பம்பாயிலிருந்து வந்த ரயில் பாதையும் மெட்ராஸிலிருந்து போன பாதையும் ராய்ச்சூரில் இணைந்தது 1871-ல். அதன் பிறகு நம்மவர்களுக்கு பம்பாய் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. மெட்ராஸ் மாகாணத்தில் இங்கிலீஷ் படித்தவர்கள் பெருகினார்கள், ஆனால் சர்க்கார் நாற்காலிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1920-களில் வகுப்புவாரி உத்தரவு வந்து, அதுவரை பெரும்பாலான இடங்களில் உட்கார்ந்திருந்த பிராமணர்களுக்குப் பங்கு குறைந்தது. மற்ற சமூகங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பங்கு அது. இடம் கிடைக்காதவர்கள் வடக்கே ரயில் ஏறினார்கள். பம்பாயில் குஜராத்திகளிடமும் பார்சிகளிடமும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் வியாபாரம் இருந்தது. அந்த வியாபாரத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டியிருந்தது.

அதற்கு வேண்டியது எஸ்.எஸ்.எல்.சி., டைப், ஷார்ட்ஹேண்ட். நம் ஊரில் தெருவுக்கொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முளைத்ததன் ரகசியம் இதுதான். லோயர், ஹையர் பாஸ் பண்ணிய சர்டிபிகேட்தான் அந்தக் கால பாஸ்போர்ட்.

வந்து இறங்கியவர்கள் தங்கியது மாதுங்காவில். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்ததும் நகரைச் சீர்படுத்த 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். அவர்கள் வடக்கே போட்ட மனைகளில்தான் தாதர், மாதுங்கா வீடுகள் எழும்பின. தமிழர்கள் அங்கே திரண்டார்கள். 1932-ல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி ஆரம்பமானது. 1942-ல் ஸ்டேஷன் பக்கத்தில் ராமா நாயக் உடுப்பி போர்டிங் வந்தது. குடும்பம் இல்லாதவர்களுக்கு 'சம்மரி' இருந்தது. ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர், வாடகை பங்கு.

என் பெரியப்பா 1958-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி, மெட்ராஸ் சென்ட்ரலில் மூன்றாம் வகுப்பில் ஏறி, அப்படி ஒரு மாதுங்கா மாடி அறைக்கு வந்தவர். போர்ட்டில் ஒரு வியாபாரக் கம்பெனியில் ஸ்டெனோ. சம்பளம் 110 ரூபாய். அதில் 40 ஊருக்கு மணியார்டர்.

அறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்ததாம். வேலை இல்லாமல் வருகிறவனிடம் மூன்று மாதம் வாடகை கேட்கக் கூடாது. வேலை கிடைத்ததும் அவன் அடுத்து வருகிறவனுக்கு அதையே செய்ய வேண்டும். காலையில் ஒரு பேப்பர் வாங்குவார்கள், 'ஆட்கள் தேவை' பக்கம் எட்டுப் பேரையும் சுற்றி வரும். சாயங்காலம் முதலாளி போன பிறகு யாராவது ஒருவர் ஆபீஸ் மெஷினிலேயே எல்லோருக்கும் அப்ளிகேஷன் அடித்துவிடுவார், கார்பன் காப்பியோடு. 20 ரூபாய் கூடக் கிடைத்தால் கம்பெனி மாறுவார்கள். 'தேட நேரம் எங்கே' என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் இதுதான். தேடும் வேலையையே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

படிப்புக்கும் வழி இருந்தது. அம்பேத்கர் 1946-ல் ஆரம்பித்த சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வகுப்புகள் வைத்தார்கள். விடிகாலை வகுப்பு, பத்து மணிக்கு ஆபீஸ் என்று ஓடிப் பட்டம் வாங்கியவர்கள் பலர்.

இதையெல்லாம் கேட்டுப் புல்லரித்து உட்கார்ந்துவிடக் கூடாது. இந்தக் கதைக்கு வேறு பக்கங்களும் உண்டு.

மாதுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான், அவர்களிலும் நிறைய பேர் எங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். தாராவியின் பெரிய மசூதி 1887-ல், பிள்ளையார் கோயில் 1913-ல், அங்கே முதல் பள்ளிக்கூடமான தமிழ்ப் பள்ளி 1924-ல். ஒரே ஜில்லா, ஒரே ரயில். ஆனால் கையில் டைப் சர்டிபிகேட் இருந்தவன் மாதுங்காவில் இறங்கினான், இல்லாதவன் தாராவியில் இறங்கினான். யார் கையில் சர்டிபிகேட் இருந்தது என்பதைப் பெரும்பாலும் ஜாதிதான் முடிவு செய்தது. எங்கள் சம்மரியின் மூன்று மாத வாடகைச் சட்டம் அவர்களுக்கு நீளவில்லை. பெரியப்பாவே பின்னாளில் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம், உள்ளூர்க்காரர்களின் கோபம். பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்தது. 1966-ல் சிவசேனா பிறந்தது. லுங்கிக்காரர்களே வெளியேறு என்ற கோஷமும் கடைகளின் மேல் கல்வீச்சும் நடந்த நாட்கள் அவை. பெரியப்பா அப்போது ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை விரிக்கவே மாட்டாராம். அடித்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் 'மதராஸி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் ராத்திரி வரை வேலை செய்வான்' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அதே பேர், பக்கத்தில் வேலை கேட்டு நின்ற மராத்திப் பையனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பேரால் லாபம் அடைந்தது முதலாளிதான்.

நேரமும் சம்பளமும் சீரானது ஆள் ஆளுக்குக் கம்பெனி மாறியதால் மட்டும் இல்லை. கடை, அலுவலக ஊழியர்களுக்கு வேலை நேரம் வகுத்த முதல் சட்டம் இந்தியாவில் பம்பாய் மாகாணத்தில்தான் வந்தது, 1939-ல். 1948-ல் அதைப் புதிதாக எழுதினார்கள். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வந்தது. பாங்க் ஊழியர்கள் 1946-ல் அகில இந்திய சங்கம் அமைத்தார்கள். வழக்கு, ஸ்டிரைக், டிரிப்யூனல் என்று போராடி 1953-ல் சாஸ்திரி அவார்டும் 1962-ல் தேசாய் அவார்டும் வாங்கினார்கள். 1966-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம். 1969-ல் 14 பாங்குகள் தேசியமயமாகி, கிளைகள் ஊரெங்கும் திறந்தன. பாங்க் வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலம் இப்படி உருவானதுதான்.

பெரியப்பா பாங்குக்குப் போனாரா? இல்லை. அவர் டைப் அடித்துக் கொடுத்த அப்ளிகேஷன்களில் மூன்று பேர் போனார்கள். இவர் அதே கம்பெனியில் 1996 வரை இருந்து ரிடையர் ஆனார். கடமை, விசுவாசம் என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"விசுவாசமாவது ஒண்ணாவது! முதலாளி வருஷா வருஷம் 'அடுத்த வருஷம் பாத்துச் செய்யறேன்'னார். நான் நம்பினேன். நம்பறத நிறுத்தினப்போ பாங்குக்கு வயசு தாண்டிப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெரியம்மா சிரிக்கவில்லை.

1994-ல் நான் பி.காம் முடித்து, 1,600 ரூபாய் வேலைக்கு இதே ஊருக்கு வந்து அவர் வீட்டு ஹாலில் பாய் போட்டபோது, தினமும் ராத்திரி ஒரே கேள்விதான் கேட்பார். "இன்னிக்கு எத்தனை அப்ளிகேஷன் போட்டே?" ஆபீஸ் எப்படிப் போகிறது என்று கேட்டதே இல்லை. ஒருநாள் ஆத்திரத்தில் ராஜினாமா எழுதி எடுத்து வந்தேன். வாங்கிப் படித்தார். "ஸ்பெல்லிங் சரியா இருக்கு. ஆர்டர் கையில வந்ததும் தேதி போட்டுக்கோ" என்று மடித்து அவர் டிராயரில் வைத்துக்கொண்டார். பதினோரு மாதம் அது அங்கேயே இருந்தது. பிறகு தேதி போட்டேன்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் அக்கா பையனுக்கு என்ன சொல்வது என்று பிடிபட்டது. திரும்பக் கூப்பிட்டேன். உடம்போ மனசோ தாங்கவில்லை என்றால் இன்றைக்கே விட்டுவிடு, முலுண்டில் நம் வீட்டு ஹால் இருக்கிறது, மூன்று மாதம் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். தாங்கும் என்றால் பேப்பர் போடாதே, ஆனால் மேனேஜர் சொல்லும் 'அடுத்த அப்ரைசல்' என்ற வார்த்தையையும் நம்பாதே. வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணிக்கு எழுந்து வெளியே வா. ரெஸ்யூமை எனக்கு அனுப்பு. தெரிந்த நாலு பேரிடம் கொடுப்பது என் வேலை. உன் அறையில் இருக்கும் மற்ற இரண்டு பையன்களுடையதையும் சேர்த்து அனுப்பு, அவர்கள் எந்த ஊராக இருந்தாலும் சரி.

"அவங்க பீகார் மாமா" என்றான்.

"இருக்கட்டும்டா, அனுப்பு" என்றேன்.

நேற்று ராத்திரி மூன்றும் மெயிலில் வந்துவிட்டன. நம் பையனுடையதில்தான் ஸ்பெல்லிங் மிஸ்டேக் அதிகம். திருத்த உட்கார வேண்டும். பெரியப்பா இருந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்தே பக்கத்தை நிரப்பியிருப்பார்.