தூள் போக வழி: மேலூர்ச் சமவெளியில் கல் வெட்டிய வரலாறு

மதுரையிலிருந்து மேலூர் நோக்கி வடகிழக்கே விரியும் சமவெளியில், கல் வெட்டும் தொழிலுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தடயங்கள் உள்ளன. யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு என வயல்களுக்கு நடுவே தனித்தனியாக எழும் குன்றுகள் யாவும் கடினமான படிகப் பாறைகள். உளியில் தொடங்கி வைரக் கம்பி வரை வந்த இத்தொழிலில் கருவிகள் பலமுறை மாறின. வேலையின் இரண்டு பகுதிகள் மாறவில்லை. பாறையைப் பொடிப்பது ஒன்று, பொடிந்த தூளை வெட்டுவாயிலிருந்து வெளியேற்றுவது மற்றொன்று. கருவி வலுக்க வலுக்க, வெட்டின் வேகம் இரண்டாவது வேலையையே சார்ந்து நின்றது.

மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் குன்றில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. ராபர்ட் சீவெல் 1882இல் இவற்றைக் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் பொறிப்பில் வருகிறது. ஐராவதம் மகாதேவன் இவற்றை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார். யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்க, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார் என்று கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. இவையெல்லாம் திறந்த பரப்பில் உளியால் செய்த வேலைகள். சில்லும் தூளும் தாமாகவே கீழே உதிர்ந்தன. கையின் வலுவும் உளியின் கூர்மையுமே வேகத்தின் எல்லை.

பாறையிலிருந்து பாளம் பெயர்க்கும்போதுதான் தூள் தடையாக மாறுகிறது. பிளக்க வேண்டிய கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, சம்மட்டியால் மாறி மாறி அடிப்பது பழைய முறை. ஆழமான குழிக்குத் தமர் அடிக்க வேண்டும். ஒருவர் தமருளியைத் திருகிப் பிடிக்க, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். குழி ஆழமாக ஆழமாகத் தூள் அடியில் மெத்தைபோல் தங்கி அடியின் வலுவை வாங்கிக்கொள்ளும். அதனால் அவ்வப்போது சிறிது நீர் விட்டு, நுனி வளைந்த மெல்லிய கரண்டியால் குழம்பை வழித்தெடுத்த பிறகே மேற்கொண்டு அடிக்க முடியும்.

கம்ப்ரசரும் ஜாக்ஹாமரும் வந்தபோது இந்தக் கரண்டி ஓய்வு பெற்றது. துளைக்கோலின் நடுவே உள்ள புழை வழியாக அழுத்தக் காற்று இறங்கித் தூளை மேலே ஊதித் தள்ளியது. குழி விரைவாக இறங்கியது. ஊதிய தூள் தொழிலாளியின் மூச்சுக்குள் போனது. கல்தூளில் உள்ள சிலிக்காவால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கல் தொழிலின் நெடுநாள் துணை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலூர்ப் பகுதிக் கல்லுக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்தது. இப்பகுதியில் எடுக்கப்பட்ட வெளிறிய கல் ஒன்று உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. காஷ்மீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏற்றுமதிக்கு விரிசலற்ற பெரிய பாளங்கள் வேண்டும். பலமான வெடி கல்லுக்குள் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும் என்பதால் நெருக்கமான தமர் வரிசையும் மிதமான வெடிமருந்தும் பயன்பட்டன. அனல் பீச்சிக் கல்லைச் சிதறடிக்கும் ஜெட் பர்னரும் இந்தியக் குவாரிகளில் இருந்தது. அது அகலமான வாய்க்காலைத் தோண்டியது. அந்த அகலம் முழுதும் வீணான கல்.

இதற்குத் தீர்வாக வந்தது கம்பி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கராரா சலவைக்கல் குவாரிகளில் முறுக்குக் கம்பியை மணலும் நீரும் சேர்த்து ஓட்டி அறுத்தார்கள். 1978 வாக்கில் அங்கேயே வைர மணிகள் கோத்த கம்பி பயன்பாட்டுக்கு வந்தது. சலவைக்கல்லில் மணிகளுக்கு இடையே சுருள்வில் போதுமானதாக இருந்தது. கிரானைட்டின் கூர்மையான தூளோ சுருளுக்குள் புகுந்து உள்ளிருக்கும் எஃகு வடத்தையே அரித்தது. வடத்தின்மேல் பிளாஸ்டிக்கோ ரப்பரோ வார்த்து மூடிய பிறகே கம்பி கிரானைட்டுக்கு ஏற்றதாயிற்று. இந்தியக் குவாரிகளில் அது பின்னர் படிப்படியாகப் பரவியது.

முறை எளியது. மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டிலிருந்து ஒரு துளை, இரண்டும் பாறைக்குள் சந்திக்க வேண்டும். அதன் வழியே கம்பியைக் கோத்து, முனைகளை இணைத்து வளையமாக்கி, தண்டவாளத்தில் பின்னோக்கி நகரும் இயந்திரத்தின் சக்கரத்தில் மாட்டுவார்கள். மீட்டருக்குச் சுமார் 40 மணிகள் கொண்ட கம்பி, நொடிக்கு 20 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிகள் ஒருபக்கமாகத் தேயாதிருக்க, இணைக்கும் முன் கம்பியை முறுக்கிவிடுவது வழக்கம்.

கம்பி நுழையும் வாயில் விடும் நீர் சூட்டைத் தணிக்கிறது, தூளையும் சுமந்து வெளியேறுகிறது. செங்குத்து வெட்டில் நீர் தானாக இறங்கும். பாளத்தின் அடியைக் கிடையாக அறுக்கும்போது நீருக்குச் சரிவு கிடைப்பதில்லை. கம்பி கல்லைத் தொடும் நீளமும் அதிகம். தூள் சேறாகிப் பிளவில் தங்கும். மணி கல்லைத் தொடாமல் சேற்றில் வழுக்கும், வைரம் மழுங்கும், உறை இளகி மணி நகரும், கடைசியில் கம்பி அறும். அறுந்த மணி துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும் என்பதால் கம்பியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

இந்நிலையில் இழுவிசையைக் கூட்டினால் வெட்டு வேகமாவதில்லை. வெட்டின் தளத்தை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து அமைப்பது, நீரை இரண்டு மூன்று இடங்களில் விடுவது, வழிகாட்டிச் சக்கரங்களால் தொடுநீளத்தைக் குறைப்பது, பெரிய வெட்டைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது ஆகியவையே பலன் தந்த வழிகள். குவாரிக் குழியில் தேங்கிய நீரையே திரும்ப எடுப்பதானால் முதலில் சேறு படிய விட வேண்டும். கலங்கிய நீர் தூளை நன்றாகச் சுமக்காது.

உலோகப் பட்டறைகளில் ‘வயர் கட்’ எனப்படும் மின்பொறி அறுப்பிலும் விதி இதுவே. சோவியத் நாட்டின் லாசரென்கோ தம்பதியர் 1940களில் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் முறையை உருவாக்கினர். பிற்காலத்தில் வந்த கம்பி இயந்திரத்தில், பெரும்பாலும் 0.25 மி.மீ. பித்தளைக் கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே பொறி பறக்கிறது; மேலும் கீழும் உள்ள மூக்குகள் நீரைப் பீச்சித் துகளைக் கழுவுகின்றன. மேடுபள்ளமான வேலைப்பொருளில் மூக்கு நெருங்கி உட்காராது. நீர் பக்கவாட்டில் சிதற, துகள் தங்கிக் கம்பி அறும். அப்போது பொறிகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தைக் கூட்டி, மின்திறனைக் குறைக்கிறார்கள். அறுந்த கம்பியைத் திரும்பத் திரும்பக் கோப்பதைவிட மெதுவாக ஓடும் கம்பி முன்னதாக வேலையை முடிக்கும். துத்தநாகம் பூசிய கம்பியும், மூக்கு பதியும்படி முகத்தை முன்கூட்டிச் சமன்செய்வதும் இழந்த வேகத்தில் ஒரு பங்கை மீட்டுத் தரும்.

குவாரிகளில் பிளவிலிருந்து வெளியேறிய தூளும் கழிவுக் கல்லும் எங்கே போயின என்பது மேலூரில் தனிக் கேள்வியாயிற்று. இது பெரியாற்றுக் கால்வாயையும் கண்மாய்களையும் நம்பிய வேளாண் பூமி. கண்மாய்களும் வாய்க்கால்களும் கழிவால் மூடப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவ்வாண்டே குவாரிகள் மூடப்பட்டன. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்முறைகேட்டை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. அவரது அறிக்கை 2015 நவம்பரில் தாக்கலானது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கற்படுக்கைகளைச் செதுக்கிய உளியின் கொத்துகள் மீனாட்சிபுரம் குன்றில் இன்றும் தெரிகின்றன.