கையிலிருந்து கண்ணுக்கு: விமானி அறையில் வேலை மாறிய வரலாறு

நொய்யல் ஆற்றங்கரையில், சூலூர் விமானப்படைத் தளத்திற்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த சாமளாபுரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியபோது, நெசவாளரின் உழைப்பு குறையவில்லை, வடிவம் மாறியது. நாடாவைக் கையால் எறிந்தவர், தானாக ஓடும் பல தறிகளுக்கிடையே நடந்து, எந்தப் பாவு நூல் அறுந்தது என்று கண்ணாலும் காதாலும் கண்டறிபவரானார். இவ்வூர்களின் வானில் கோவைப் பீளமேட்டு நிலையத்தை நோக்கித் தாழும் பயணிகள் விமானங்களைச் செலுத்துவோரின் தொழிலும் ஏறத்தாழ இதே பாதையில்தான் மாறியது. அங்கே அறுந்த நூலைக் காணத் தவறுவதற்குக் கொடுக்கப்பட்ட விலை மட்டும் மனித உயிர்களாக இருந்தது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவர, அங்கிருந்து சக விமானி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். வானொலித் தொடர்போ வழிகாட்டும் கருவியோ இல்லாத அந்நாளில் ஆறுகளும் இருப்புப்பாதைகளுமே வழியைச் சொல்லின; செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை விமானியின் நினைவில் மட்டுமே இருந்தது. விமானங்கள் பெரிதானபோது நினைவு மட்டும் போதாது என்பதை 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகருக்கருகில் நடந்த விபத்து உணர்த்தியது. போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், இயக்கு பரப்புகளின் பூட்டை விடுவிக்காமலே மேலெழும்பி விழுந்ததைத் தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்துப் படித்துச் சரிபார்க்கும் சரிபார்ப்புப் பட்டியல் என்னும் முறை வேரூன்றியது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் விமானி அறையிலிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். விண்மீன்களை அளந்து இருப்பிடத்தைக் கணித்த வழிகாட்டி அலுவலரின் பணியை, வேகமாற்றங்களை உணர்ந்து இருப்பிடத்தைத் தானே கணிக்கும் நிலைமக் கருவி எடுத்துக்கொண்டது. ஏர் இந்தியா 1971இல் பெற்ற போயிங் 747 விமானங்களில் அது இடம்பெற்றிருந்தது. எஞ்சின்களின் அளவிகளைக் கவனித்த விமானப் பொறியாளரின் இருக்கை, 1986இல் அந்நிறுவனத்திற்கு வந்த ஏர்பஸ் ஏ310 விமானங்களில் இல்லாமலே போனது. பலர் பகிர்ந்து பார்த்த விவரங்களை இருவர் மட்டும் பார்க்க வேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

இந்திய விமானிகள் இம்மாற்றத்தின் உச்சத்தை 1989இல் இந்தியன் ஏர்லைன்ஸ் பெற்ற ஏர்பஸ் ஏ320 விமானத்தில் சந்தித்தனர். இருக்கைக்கு முன்னிருந்த பெரிய கைப்பிடிக்கு மாறாகப் பக்கவாட்டில் ஒரு சிறு கைப்பிடி இருந்தது. அதன் அசைவு கம்பிகள் வழியே நேராக இறக்கைக்குச் செல்லாமல் மின்குறிப்புகளாகக் கணினிக்குச் சென்றது. முந்தைய பல விமானங்களில் தானியங்கி அமைப்பு எஞ்சின் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் உந்துவிசை நெம்புகோல்களும் கூடவே நகர்ந்ததால், அவற்றின் மீதிருந்த கையே விமானிக்குச் செய்தி சொன்னது. ஏ320இல் அந்நெம்புகோல்கள் அசைவதில்லை; எஞ்சின் எந்த நிலையில் இயங்குகிறது என்பதை அறியத் திரையிலுள்ள எண்களையும் அதன் மேல்விளிம்பில் தோன்றும் சில எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த அந்நிறுவனத்தின் 605ஆம் எண் ஏ320 விமானம், சேவைக்கு வந்து இரண்டு மாதமே ஆன நிலையில், ஓடுபாதைக்கு முன்னுள்ள கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். தானியங்கி அமைப்பு, எஞ்சின்களைக் குறைந்தபட்ச விசையில் வைத்து இறங்கும் முறையில் இருந்ததும், இறங்கும் சரிவைத் தக்கவைக்க மூக்கு உயர உயர வேகம் சரிந்துகொண்டே போனதும், அதை உணர்ந்து விசையைக் கூட்டியபோது உயரமும் நேரமும் மிஞ்சாமல் போனதும் விசாரணையில் வெளிப்பட்டன. விசாரணை, விமானிகள் உரிய நேரத்தில் செயல்படாததையே காரணமாகக் கூறியது. ஆயினும் கைவழி வந்த செய்தி கண்வழிச் செய்தியாக மாறிய வேளையில், அப்புதிய மொழியைப் பழக அவர்களுக்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்ற கேள்வியை அத்தீர்ப்பு முடித்துவைக்கவில்லை. நாட்டின் ஏ320 விமானங்கள் அனைத்தும் சில காலம் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. ஒருவர் விமானத்தைச் செலுத்த மற்றவர் கண்காணிப்பதும், திரையில் முறை மாறும்போதெல்லாம் அதை உரக்கச் சொல்வதும் உலகெங்கும் தொழிலின் அடிப்படை ஒழுங்காக நிலைபெற்றன.

அண்மைக் காலத்து மாற்றம் காகிதத்தைச் சார்ந்தது. வழித்தட வரைபடங்களும் செயல்திறன் அட்டவணைகளும் நிறைந்த கனமான தோல்பைக்கு மாற்றாக, அவற்றையெல்லாம் ஒரு கைக்கணினிக்குள் அடக்கும் மின்னணுப் பறப்புப் பை வந்தது. பக்கம் பக்கமாகப் பழையதை நீக்கிப் புதியதைச் செருகிய அலுப்பு தீர்ந்தாலும், கணக்கிடும் பொறுப்பு தட்டச்சிடும் விரலுக்கு வந்தது. 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் 362.9 டன் எடையுள்ள எமிரேட்ஸ் விமானத்திற்கு 262.9 டன் என்ற எண் உள்ளிடப்பட்டதால், கணினி குறைந்த விசையையும் குறைந்த வேகத்தையும் பரிந்துரைத்தது. வால் ஓடுபாதையில் உரசிய பின்னரே விமானம் அரும்பாடுபட்டு எழும்பியது. இத்தகைய பிழைகளைத் தடுக்கும் வழி, இரு விமானிகளும் தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒப்பிடுவதாகும். அதாவது 1935இன் பட்டியல் தந்த பாடமே மறுவடிவில் திரும்பியது.

2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ நிறுவனத்தின் ஏடிஆர் விமானம், செயற்கைக்கோள் குறிப்புகளைத் திருத்தித் துல்லியமாக்கும் இந்தியாவின் ககன் அமைப்பின் துணையுடன் தரையிறங்கியது. இருப்புப்பாதையைப் பார்த்துப் பறந்த நாளிலிருந்து அத்தரையிறக்கம் வரை தொண்ணூறு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. இக்காலத்தில் வந்த ஒவ்வொரு கருவியும் ஒரு சுமையை இறக்கி, இயந்திரம் இப்போது என்ன செய்கிறது என்பதை இடைவிடாது அறிந்திருக்கும் சுமையை ஏற்றியது. ஆகவே புதிய கருவியின் விலையைக் கணக்கிடும் நிறுவனங்கள், அதைப் பழகுவதற்கான நாட்களையும் அந்த விலையின் பகுதியாகவே கருத வேண்டும். அந்தத் தொகையைக் குறைத்துச் சேமிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.