சத்தியவேட்டுச் சீமையில் ஊர் நீதிபதிகள்

ஸ்ரீ சிட்டி தொழில்நகரம் எழுந்துள்ள சத்தியவேட்டுப் பகுதி, 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டத்தின்படி ஆந்திரத்தோடு இணையும்வரை, சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்திரமேரூரும் அன்று அதே மாவட்டத்து ஊரே என்பதால், ஊர் வழக்கைத் தீர்ப்பவரை ஊரார் எவ்வாறு தெரிந்தெடுத்தனர் என்னும் கேள்வியை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் வாரியங்களுக்கு, அதாவது ஊர்ச் சபையின் செயற்குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்தனர். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசித்தபின், கூடியிருந்த கோயில் நம்பிமாரும் வாசித்தனர். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும், கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். வாரியங்களை அமைத்த சபையே ஊர் வழக்குகளையும் விசாரித்த அக்காலத்தில், கட்சி கட்டுவதற்கு இடமே தராத இவ்வேற்பாடு வியப்புக்குரியது. ஆயினும் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவரின் பெயர்களே குடத்துள் விழுந்தன என்பதை மறைத்து அதை மக்களாட்சி எனக் கொண்டாடுவது, அவ்வூரில் உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் செய்யும் அநீதியாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் தேர்வு என்பதே மறைந்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, வரி வசூலித்த ஊர்த் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கி, பத்து ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் அவரிடம் அளித்தது. பெரும்பாலும் பரம்பரையாக வந்த அப்பதவியில் வரி கேட்ட கையே தீர்ப்பும் எழுதியதால், எளியவர் அவர்மீது முறையிட வேறு வாயில் தேட வேண்டியதாயிற்று. 1889ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான சென்னைக் கிராம நீதிமன்றச் சட்டம் இவ்வமைப்பை ஒழுங்குபடுத்தியது. 1920ஆம் ஆண்டுத் திருத்தமோ ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட பஞ்சாயத்து நீதிமன்றங்களுக்கு வழிவகுத்தது. வழக்கறிஞர் செலவின்றிச் சிறுகடனையும் சில்லறைச் சண்டையையும் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ள வாய்த்த நல்ல வழி அது. பரம்பரைக் கிராமப் பதவிகளைத் தமிழ்நாடு 1980இலும் ஆந்திரம் 1984இலும் ஒழித்தன.

இன்று ஆந்திரத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சைக் கட்சிச் சின்னமின்றியே மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. 2009 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த கிராம நியாயாலயச் சட்டம், நியாயாதிகாரி எனப்படும் நீதிபதியை உயர்நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசே நியமிக்கப் பணிக்கிறது. சட்டம் கற்றவர் ஊருக்கு வருவது பெரும் நன்மையே. எனினும் அவரைத் தெரிவதில் ஊராருக்குப் பங்கில்லாமல் போனது இழப்பே.

நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வேறிடங்களில் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் 1832இலேயே தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. பின்னர்க் கட்சிகளின் பிடியைத் தளர்த்தவே பல மாநிலங்கள் வாக்குச்சீட்டிலிருந்து நீதிபதி வேட்பாளரின் கட்சிப் பெயரை நீக்கின. இந்தியாவில் அதற்கு நெருங்கிய வடிவம் பீகாரின் கிராமக் கச்சேரி என்னும் ஊர் நீதிமன்றமாகும்: 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே தலைமை வகிப்பவரும் உடனமர்வோரும் கட்சி சாராத தேர்தலில் வாக்காளர்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்; அவர்கள் அபராதம் விதிக்கலாம், சிறைத்தண்டனை விதிக்க இயலாது.